எண்ணுக்கும் பெயருக்கும் ஒரே ஃபங்ஷன்

"உன் ஃபங்ஷன்லதாம்மா தப்பு" என்றார் எங்கள் புராஜெக்டுக்கு வழிகாட்டிய மேடம். அச்சுக் காகிதத்தை மேசைமேல் விரித்து, சிவப்புப் பேனாவால் ஒரு வரியை வட்டமிட்டு என் பக்கம் தள்ளினார். என்னோடு சேர்ந்து அந்தப் புராஜெக்டைச் செய்துகொண்டிருந்த மாணவர் பக்கத்தில் கைகட்டி நின்றார். என் ஃபங்ஷன் ஒழுங்காக வேலை செய்வதைக் கண்ணால் பார்த்திருந்தேன். ஆனால் பார்த்ததை எப்படிச் சொல்லி நம்ப வைப்பது என்று தெரியவில்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. மெட்ராஸில் கம்ப்யூட்டர் மேற்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன். உத்திரமேரூர் பெரிய ஏரியின் கரைக்குக் கீழே தாழ்வில் இருக்கும் காலனி எங்களுடையது. நைனாவும் அம்மாவும் நடவு, அறுப்பு என்று கூலிக்குப் போகிறவர்கள். நான் மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் பள்ளிக்கூடம் முடித்து, ஸ்காலர்ஷிப்பில் கல்லூரிக்குப் போனவள். இங்கிலீஷ் எனக்கு எழுத வரும், பேச வராது. வாய்திறந்து வாதாட வேண்டிய இடங்களில் எல்லாம் பேசாமல் இருந்துவிடுவது பழகிப்போயிருந்தது.

எங்கள் துறைக்கு அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து டேப்பில் ஒரு புது மொழி வந்திருந்தது. ஃபங்ஷன்களாலேயே எல்லாவற்றையும் எழுதும் மொழி. ஒன்றை உள்ளே கொடுத்தால் இன்னொன்றை வெளியே தருவதுதான் ஃபங்ஷன். அந்த மொழியில் ஒரு ஃபங்ஷனையே தூக்கி இன்னொரு ஃபங்ஷனுக்கு உள்ளே கொடுக்கலாம் என்பது எங்களுக்கு அதிசயமாக இருந்தது. இது எண், இது சொல் என்று நாம் எதையும் அறிவிக்கத் தேவையில்லை. எது எந்த வகை என்று மெஷினே, அதாவது அதிலிருக்கும் கம்பைலர் என்ற புரோகிராமே, யோசித்துக் கண்டுபிடித்துவிடும். வகை பொருந்தவில்லை என்றால் புரோகிராமை ஓட்டவே ஓட்டாது. மறுத்து, காரணத்தை ஒரு வரியில் அச்சடித்துத் தரும்.

பரீட்சை முடிவுகளைப் பக்கம் பக்கமாக அச்சடிப்பது எங்கள் புராஜெக்ட். ஒரு பக்கத்தில் பதிவு எண்கள், எதிர்ப் பக்கத்தில் பெயர்கள். நீளமான பட்டியலைப் பக்க அளவுக்கு வெட்டிக் கொடுக்கும் ஃபங்ஷனை நான் எழுதினேன். பட்டியலில் இருப்பது எண்ணா பெயரா என்பதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. எதைக் கொடுத்தாலும் வெட்டும். அச்சடிக்கும் ஃபங்ஷனை அந்த மாணவர் எழுதினார். வெட்டும் முறையைப் பின்னால் மாற்றிக்கொள்ள வசதியாக, வெட்டும் ஃபங்ஷனை வெளியிலிருந்து வாங்கிக்கொள்வதுபோல் அமைத்திருந்தார். வாங்கியதை முதலில் எண் பட்டியலின்மேல் ஓட்டுவார், பிறகு பெயர்ப் பட்டியலின்மேல். யோசனை நன்றாகத்தான் இருந்தது.

மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. எண் பட்டியலை எதிர்பார்த்தேன், சொல் பட்டியல் வந்திருக்கிறது என்று அச்சடித்தது. மேடம் அதைப் படித்துவிட்டு, என் ஃபங்ஷன் எங்கேயோ எண்களுக்கு மட்டும் என்று ஆகிப்போயிருக்கிறது என்று முடிவுகட்டினார். நான் தனியாக உட்கார்ந்து எண்களைக் கொடுத்துப் பார்த்தேன், வெட்டியது. பெயர்களைக் கொடுத்தேன், வெட்டியது. நேரடியாக ஓட்டினால் இரண்டுக்கும் சரியாக இருப்பது, அந்த மாணவரின் ஃபங்ஷனிடம் கொடுத்ததும் ஒன்றுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. ஏன் என்று எவ்வளவு முட்டிக்கொண்டும் விளங்கவில்லை. அடுத்த வாரம் ரிவ்யூ, செய்ததை ஓட்டிக் காட்டி மார்க் வாங்க வேண்டிய நாள். மெஷினில் எங்கள் முறை வர நாளாகும். காகிதத்தைச் சுருட்டி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினேன். வீட்டில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

பஸ் உத்திரமேரூரை நெருங்கும்போதே மழை பிடித்துவிட்டது. கார்த்திகை மழை. ராத்திரி முழுக்க விடாமல் அடித்து, விடியும்போது ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் பாயும் சத்தம் காலனி வரை கேட்டது. கரையில் ஓரிடத்தில் மண் சரிகிறது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். ஆம்பளைகள் மண்வெட்டியும் சாக்கும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போக, நாங்கள் பாத்திரம் பண்டங்களோடு மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏறினோம். அங்கே ஊர்க்காரர்கள் ஒரு கட்டடத்தில் இருந்தார்கள், எங்களுக்கு இன்னொன்றைத் திறந்துவிட்டார்கள். செங்கல்பட்டு ரோடு முழுகிவிட்டது, காஞ்சிபுரம் பஸ்ஸும் இல்லை என்று மத்தியானம் சேதி வந்தது.

கரை நின்றது. சாக்குமேல் சாக்காக அடுக்கி நிறுத்திவிட்டார்கள். ஆனால் தண்ணீருக்குள் இறங்கி முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது சேற்றில் நட்டிருந்த மூங்கில் முளை ஒன்று நைனாவின் காலில் ஏறிவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டியபடி வந்தார். "ஒண்ணும் இல்லம்மா, சீவிக்கினு போயிட்ச்சு, அவ்ளோதான்" என்றார். அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள். மறுநாள் கால் வீங்கிச் சூடாக இருந்தது. ரோடு திறந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று காத்திருந்தோம். தண்ணீர் வடிந்தபாடில்லை.

பள்ளிக்கூட வராண்டாவில் என் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையில் படிக்கவில்லை. காலைப் பார்ப்பதற்குப் பயமாக இருந்ததால் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காலனியிலேயே கட்டிக்கொடுத்தவள். அன்றைக்கு எல்லோருக்குமாகச் சமைக்கப் பூசணிக்காய் வந்திருந்தது. அதை அரிவாளால் பிளந்துகொண்டே கேட்டாள்.

"இன்னாடி அது, வந்ததுலேந்து அதையே பாத்துக்கினு கீற?"

"தப்பு ஒண்ணு கீதுக்கா. எங்கன்னு தெரியல."

"சொல்லேன், கேக்கறேன். சும்மா குந்திக்கினு இருந்தா நைனா காலே கண்ணுல நிக்குது."

அவளுக்குப் புரியப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஏதாவது பேச்சுச் சத்தம் வேண்டியிருந்தது. சொல்ல ஆரம்பித்தேன். பட்டியல், பக்கம், வெட்டுவது என்று சொன்னதும் அவள் கையிலிருந்த அரிவாளைக் காட்டிச் சிரித்தாள்.

"இது மாரியா?"

"அப்டியே வெச்சிக்கோ. நீ பூசணிக்காயும் வெட்டற, வெறகும் பொளக்கற. ரெண்டுக்கும் அதே அருவாதான்."

"ஆமா."

"இப்ப ஒர்த்தர் சமையலுக்கு ஒரு முறை எழுதி வெக்கறாரு. எவனாவது ஒரு வெட்டற சாமானக் கொண்டாந்து குடு, அதால முதல்ல காய வெட்டுவேன், அப்பால அதாலயே வெறகப் பொளப்பேன்னு. நான் இந்த அருவாளக் குடுக்கறேன். ஆனா அந்த மொறையே சரியில்லன்னு மிஷின் சொல்லுது."

"ஏன், நம்ப அருவா ரெண்டும் வெட்டுமே!"

"நம்புளுது வெட்டும். வர்றது நம்ப அருவாதான்னு அவருக்கு எப்டித் தெரியும்? எவனாவது காய்வெட்ற சின்னக் கத்தியக் கொண்டாந்து குடுத்தா…"

மறுபடி அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். காகிதத்தை இழுத்து அந்த மாணவருடைய ஃபங்ஷனைப் படித்தேன். என்னுடையதை அல்ல. இவ்வளவு நாளும் என்னுடையதையே குடைந்துகொண்டிருந்தேன்.

வெளியிலிருந்து வரப்போகும் ஃபங்ஷன் எது என்று அவருடைய ஃபங்ஷனுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் எண் பட்டியலை மட்டும் வெட்டத் தெரிந்த ஒன்றைக் கொண்டுவந்து கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் பெயர்களில் போய் இடிக்கும். அதனால் உள்ளே வந்ததும் மெஷின் அதற்கு ஒரே ஒரு வகையைத்தான் அனுமதிக்கிறது. முதலில் எண்ணின்மேல் ஓட்டினாரா, சரி, இது எண்ணை வெட்டுவது என்று எழுதிக்கொள்கிறது. அப்புறம் பெயரைக் கொடுத்தால் பொருந்தவில்லை என்கிறது. என் ஃபங்ஷன் எதையும் வெட்டும் என்பது வெளியே இருக்கிறவரைக்கும்தான். இன்னொருவர் கையில் வாங்கிய பொருளாக உள்ளே போனதும் அந்தப் பொதுத்தன்மை அதற்கு இல்லை. மெஷின் என் ஃபங்ஷனைப் பார்க்கவே இல்லை. உள்ளே எது வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னாலேயே அவர் எழுதிய வரியை மறுத்துவிட்டது.

"இன்னாடி, பேய் புட்சா மாரி குந்திக்கினு கீற?" என்றாள் அக்கா.

"கெட்ச்சிட்ச்சுக்கா."

"கெட்ச்சிட்ச்சா? அப்ப நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். நைனா முனகுவது கேட்டது. அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

சந்தோஷப்பட நேரமில்லை. நைனாவுக்கு உடம்பு கொதித்தது. சாயங்காலம் ஒரு டிராக்டர்காரர் வண்டியைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிட்டு ரோடு தெரிகிறது என்று வந்து சொன்னார். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் நைனாவை ஏற்றிக்கொண்டு நானும் அக்காவும் செங்கல்பட்டுக்குப் போனோம். அம்மா, வீட்டில் புகுந்த சேற்றை வாரத் தங்கிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்த டாக்டர் முகத்தைச் சுளித்தார். விரல்கள் கறுத்துவிட்டன, எடுக்க வேண்டும், எவ்வளவு தூரம் எடுப்பது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். அடுத்த நாள் ஆபரேஷன். ரிவ்யூவும் அதே நாள்தான்.

செங்கல்பட்டில் இருந்து மெட்ராஸுக்கு ரயில் இருந்தது. ஸ்டேஷன் நடந்து போகிற தூரம். அக்கா என்னை வார்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், "நீ போடி. நான் கீறேன் இல்ல" என்றாள்.

"கையெழுத்து கேப்பாங்க. இங்கிலீஷ்ல இன்னா எழுதிக் கீதுன்னு யாரு படிக்கறது?"

"யார்னா படிச்சிச் சொல்லுவாங்க. நீ போ. இத்துக்குதான இத்தினி வருசம் படிச்ச?"

நான் உள்ளே போனேன். நைனாவுக்குக் காய்ச்சலில் ஆளே தெரியவில்லை. என்னைப் பார்த்து "கரை நிக்குதா?" என்றார். "நிக்குது நைனா" என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். நான் போகவில்லை.

தபால் ஆபீஸுக்குப் போய்த் துறைக்கு டிரங்க் கால் பதிவு செய்து, பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தேன். லைன் கிடைத்ததும் துறையில் இருந்த பியூன் அந்த மாணவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"எங்க இருக்கீங்க? நாளைக்கு ரிவ்யூ!"

"செங்கல்பட்டுல. அப்பாவுக்கு ஆபரேஷன். வர முடியாது." மெட்ராஸில் பேசும்போது நைனா என் வாயில் அப்பா ஆகிவிடுவார். "தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன். கேளுங்க. உங்க ஃபங்ஷன் வெட்டறத ஒண்ணா வாங்குது இல்லையா, அத ரெண்டா வாங்கற மாதிரி மாத்துங்க. ஒண்ணு எண்ணுக்கு, ஒண்ணு பேருக்கு. கூப்பிடும்போது ரெண்டு இடத்துலயும் என்னோடதயே போடுங்க."

"அதயே ரெண்டு தடவயா? எதுக்கு?"

"உள்ள வந்தப்புறம் அதுக்கு ஒரு வகைதான். ரெண்டா வாங்கினா ஒவ்வொண்ணுக்கும் தனி வகை கெடைக்கும். என் ஃபங்ஷன்ல தப்பு இல்ல. மேடம்கிட்ட அதச் சொல்லுங்க."

"ஹலோ? ஹலோ?" என்றார். லைனில் இரைச்சல். நான் இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். தபால் ஆபீஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, சரி" என்று கேட்டதுபோல் இருந்தது. பிறகு லைன் போய்விட்டது.

ஆபரேஷனில் நைனாவின் வலது காலில் பெருவிரலையும் அதற்கடுத்ததையும் எடுத்தார்கள். பாதம் பிழைத்தது. காய்ச்சல் இறங்கி, தானாக எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்த பிறகுதான் நான் மெட்ராஸுக்கு ரயில் ஏறினேன்.

ரிவ்யூ முடிந்துபோயிருந்தது. அந்த மாணவர் தனியாகச் செய்து காட்டியிருந்தார். எண் பட்டியலை மட்டும் அச்சடித்து, பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டார். ஏன் பெயர்கள் இல்லை என்று கேட்டதற்கு, வெட்டும் ஃபங்ஷன் இன்னும் சரியாகவில்லை என்று சொல்லியிருக்கிறார். என் பகுதி முடியவில்லை என்று மேடம் எழுதி அனுப்பிவிட்டார்.

நேராக மேடத்தின் அறைக்கு நடந்தேன். உள்ளே போய் முதலில் நைனாவின் காலைப் பற்றிச் சொன்னேன். "கேள்விப்பட்டேன்மா. இப்ப எப்படி இருக்கார்?" என்று விசாரித்தார். சொல்லிவிட்டு, "மேடம், என் ஃபங்ஷனை ஒரு தடவை ஓட்டிக் காட்ட டைம் வேணும்" என்றேன். இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். தமிழில்தான் வந்தது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மத்தியானம் இன்னொருவருக்கு ஒதுக்கிய நேரத்தில் கொஞ்சம் வாங்கிக் கொடுத்தார். அந்த மாணவரையும் வரச்சொன்னார்.

டெர்மினல் முன்னால் உட்கார்ந்தேன். முதலில் என் ஃபங்ஷனை நேரடியாக எண்கள்மேல் ஓட்டினேன். பிறகு பெயர்கள்மேல். இரண்டும் வெட்டின. அடுத்து, பட்டியலைத் தொடவே தொடாமல் அப்படியே திருப்பித் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, அதையும் அவருடைய ஃபங்ஷனிடம் கொடுத்தேன். அதே பிழை வந்தது.

"இதுல தப்பு வரதுக்கு இடமே இல்ல மேடம். வாங்கினதை அப்படியே குடுக்குது. இதையும் வேணாங்குது" என்றேன்.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்ப இது கம்பைலர்ல இருக்கற கோளாறா?"

"இல்ல மேடம். அது சரியாத்தான் பண்ணுது." பள்ளிக்கூட வராண்டாவில் புரிந்ததையும், அதை ஃபோனில் சொல்லியிருந்ததையும் சொன்னேன். அரிவாளைப் பற்றிச் சொல்லவில்லை. கூச்சமாக இருந்தது. கடைசியில் அந்த மாணவரின் ஃபங்ஷன் இரண்டை வாங்கிக்கொள்வதுபோல் மாற்றி, இரண்டு இடத்திலும் என்னுடையதையே கொடுத்து ஓட்டினேன். எண்களும் பெயர்களும் எதிரெதிராக, பக்கம் பக்கமாக வந்தன.

"ஒண்ணையே ரெண்டு தடவை குடுக்கறது பாக்க நல்லாவே இல்லையே" என்றார் மேடம். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஆனா சரிதான். நான்தான் அவசரப்பட்டுட்டேன்." அந்த மாணவர் பக்கம் திரும்பி, "இவ ஃபோன் பண்ணினாளாமே, நீ சொல்லலியே?" என்று கேட்டார்.

"லைன் சரியில்ல மேடம். ஒண்ணுமே கேக்கல" என்றார்.

மேடம் அதற்குமேல் கேட்கவில்லை. ரிவ்யூ மார்க்கை மாற்ற முடியாது, கடைசி ரிப்போர்ட்டில் இதை விளக்கி எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எழுதினேன். அதற்கு நல்ல மார்க்கும் போட்டார். ஆனால் ஆராய்ச்சிப் படிப்புக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஒருவரைத்தான் சிபாரிசு செய்வார்கள். ரிவ்யூ முடிந்த கையோடு அந்தச் சிபாரிசு போய்விட்டிருந்தது. போனது அந்த மாணவரின் பெயர். நான் ரிவ்யூவுக்கு வந்திருந்தால் என் பெயர் போயிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. மேடத்திடம் கேட்கவும் தைரியம் வரவில்லை.

மேடத்துக்கு ஓட்டிக் காட்டிய அன்று சாயங்காலம் மாடிப்படியில் அந்த மாணவர் எனக்காகக் காத்திருந்தார். "நெஜமாவே கேக்கலங்க" என்றார். "ரெண்டு ரெண்டுன்னு ஏதோ சொன்னீங்க. ரெண்டு நாள் ஆகும்னு சொல்றீங்கன்னு நினைச்சேன். என்ன சொல்றதுன்னு தெரியாம அங்க நின்னேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அந்த லைனில் எனக்கே அவர் பேச்சு பாதிதான் கேட்டது. ஆனால் "சரி, சரி" என்று வந்த குரலும் என் காதில் இன்னும் இருக்கிறது. இரண்டில் எதை நம்புவது என்று இத்தனை வருடத்தில் என்னால் முடிவுக்கு வரமுடியவில்லை.

நைனா அதற்குப் பிறகு சேற்றில் காலூன்றி நிற்க முடியாதவராகிவிட்டார். நடவுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் உட்கார்ந்திருப்பது அவரைச் சிடுசிடுப்பானவராக ஆக்கியது. ஏரிக்கரையில் அன்றைக்கு நின்ற மற்றவர்கள் வந்து பார்த்துப் பேசினால் மட்டும் கொஞ்சம் முகம் தெளியும். ஆராய்ச்சி கிடைத்திருந்தாலும் நான் அதில் சேர்ந்திருக்க முடியுமா என்று அக்கா ஒரு தடவை கேட்டாள். படிப்பு முடிந்த உடனே, கிடைத்த வேலைக்குப் போனேன். அங்கே பழைய மொழி. எண்ணுக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் தனித்தனியாகவே எழுதுவார்கள். ஃபங்ஷனைத் தூக்கி ஃபங்ஷனுக்குள் கொடுப்பதைப் பற்றி அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், என் புரோகிராம் நடுவில் நின்றுவிட்டது. மேலதிகாரி வந்து, "உங்க பகுதியிலதான் ஏதோ தப்பு" என்றார். எழுந்து நின்று, "பாத்துட்டுச் சொல்லலாம் சார்" என்றேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். இருவரும் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து பார்த்தோம். அன்றைக்குத் தப்பு என் பகுதியில்தான் இருந்தது.